சிவிங்கிக்கு ஒரு மதிப்பெண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை வந்த உங்கள் சிறுவர் இணைப்பின் மூன்றாம் பக்கத்தில், வலது மூலையில் மஞ்சள் கட்டம் கட்டிப் 'பொது அறிவு' பகுதியைப் போட்டிருந்தீர்கள். நான்காவது கேள்வி: நிலத்தில் மிக வேகமாக ஓடும் விலங்கு எது? கீழே தலைகீழாக அச்சடித்திருந்த விடை: சிறுத்தை. பக்கத்தில் ஒரு படம். அந்தப் படத்தில் இருப்பது சிறுத்தை இல்லை, சிவிங்கி; ஆங்கிலத்தில் 'சீட்டா' என்பார்களே, அது. அழுத பிள்ளைக்குக் கண்மை கரைந்து வழிந்த மாதிரி, கண்ணோரத்திலிருந்து வாய்வரை இரண்டு கறுப்புக் கோடு இறங்குகிறது பாருங்கள். சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது.

இதற்குப் போய் இத்தனை பக்கக் கடிதமா என்று நினைப்பீர்கள். அஞ்சலட்டையில் நாலு வரி எழுதினால் போதும்தான். 2022-லிருந்து மூன்று அட்டை போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் இந்தத் தடவை முழுத்தாள் எடுத்துக்கொண்டேன். வெளியிடும்போது எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள், அது போதும்.

நான் கிளை நூலகராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் விக்கிரமசிங்கபுரம். மொட்டைமாடியில் நின்றால் பொதிகை மலை தெரியும். மலைக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மலைக்குக் கீழே நாங்கள். எங்களுக்குச் சிறுத்தை ஏட்டில் மட்டும் இருக்கிற விலங்கு கிடையாது. அடிவாரத்துக் கிராமங்களில் அது ஆட்டைத் தூக்கும், நாயைத் தூக்கும். வனத்துறைக்காரர்கள் கூண்டு வைப்பார்கள். சிக்கினால் மறுபடியும் மேலே கொண்டுபோய் விடுவார்கள். ஒருதடவை வண்டியில் ஏற்றிய கூண்டைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உடம்பில் இருப்பது வெறும் புள்ளியே இல்லை. நாலைந்து கறுப்புத் திட்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் கொஞ்சம் கருத்த மஞ்சள். பார்க்கப் பூப்போலவே இருக்கும். கழுத்து தடித்து, தலை கனத்து, கூண்டுக் கம்பிக்குப் பின்னால் அது உறுமின உறுமலில், பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் சைக்கிளை விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் 2022 செப்டம்பரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த மாதம் 17-ஆம் தேதி நமீபியாவிலிருந்து விமானத்தில் வந்த எட்டு சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விட்டார்கள். மறுநாள் உங்கள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'சிறுத்தைகள்'. காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் பேப்பரை விரித்த ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, இங்க ஆட்டைத் தூக்குதுன்னு கூண்டு வச்சுப் புடிச்சு மலைக்கு மேல கொண்டுபோய் விடுதாவ. அங்க என்னடான்னா பிளேன்ல ஏத்திக் கொண்டுட்டு வாராவ. நம்மகிட்ட கெடக்கதக் குடுத்தா லாரிச் செலவோட போயிருக்கும்லா?"

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போட்ட தலைப்பை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுத்தையைக் கொண்டுவருகிறார்கள் என்றால், சிறுத்தை நிறையக் கிடக்கிற நாட்டில் அது வீண்செலவுதான். இந்த மண்ணிலிருந்து அடியோடு அற்றுப்போன வேறொரு விலங்கைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்ற செய்தி, அந்த ஒரு சொல்லால் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

சரி, அது டீக்கடைப் பேச்சு, போகட்டும். என்னை உட்கார்த்தி எழுத வைத்தது வேறு.

என் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள், பல பள்ளிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான்தான் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். இருபது கேள்வி, எழுத்துத் தேர்வு. பத்தொன்பது வாங்கியிருந்தாள். ஒன்று போய்விட்டது. எது என்று விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். வேகமாக ஓடும் விலங்கு என்ற கேள்விக்கு அவள் 'சிவிங்கி' என்று அழகாகக் குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

திருத்திய ஆசிரியை நல்லவர், சின்ன வயது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேசையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். உங்கள் இணைப்பின் பொது அறிவுக் கட்டங்களை வாராவாரம் கத்தரித்து ஒட்டி, தேதியும் போட்டு வைத்திருக்கிறார். அதிலிருந்துதான் வினாத்தாள். "பேப்பர்லயே அப்படித்தான சார் வந்திருக்கு?" என்றார். முப்பத்தொரு வருடம் நூலகத்துக்கு வந்த பிள்ளைகளிடமெல்லாம் 'பேப்பர் படிங்கலே, பேப்பர் படிங்கலே' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவருக்கு என்ன பதில் சொல்ல? பேசாமல் வந்துவிட்டேன்.

திரும்பும்போது முக்கூடல் தாண்டும்வரை பேத்தி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, சிவிங்கின்னு ஒண்ணு இல்லன்னா, ஒட்டகச்சிவிங்கியில வர்ற சிவிங்கி எது?"

ஐயா, விலங்கியல் அலமாரியைத் தூசி தட்டியே வயதானவன் நான். ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட சிறுவர் புத்தகங்கள் எத்தனையோ என் கையால் முத்திரை குத்தி இரவல் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. ஒட்டகம் தெரிகிறது, நெட்டைக் கழுத்து இருக்கிறது, சரிதான் என்று விட்டுவிட்டேன்.

விடை ரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர் தன் வெற்றி விழாக்களின்போது ஒட்டகச்சிவிங்கி ஒன்றை ரோம் நகரத்து மக்களுக்குக் காட்டினார். அந்த ஊர்க்காரர்கள் அப்படி ஒரு பிராணியை அதற்குமுன் பார்த்ததே இல்லை. புதிதாக ஒன்றைப் பார்த்தால் தெரிந்ததை வைத்துத்தானே பெயர் சொல்ல முடியும்? உருவம் ஒட்டகம் மாதிரி, மேலே புள்ளி விழுந்த தோல். கிரேக்கர்கள் ஏற்கெனவே ஒட்டி வைத்திருந்த பெயரையே அவர்களும் வைத்துக்கொண்டார்கள்: கமெலோபார்டாலிஸ். 'கமெலோ' ஒட்டகம், 'பார்டாலிஸ்' புள்ளிபோட்ட பெரும்பூனை. இன்றைக்கும் அறிவியல் பெயரின் வாலில் அந்தச் சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சீசருக்கு நூறு வருடத்துக்குப் பிறகு, வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போன ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தப் பிராணியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: கழுத்து குதிரை மாதிரி, காலும் பாதமும் மாடு மாதிரி, தலை ஒட்டகம் மாதிரி, சிவந்த உடம்பில் வெள்ளைப் புள்ளி. இவ்வளவு பயங்கரத் தோற்றம் இருந்தும் சாதுவாக நிற்கிறதே என்று அதற்குக் 'காட்டுச் செம்மறி' என்றும் ஒரு பெயர் வைத்தார்களாம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சீசர் பேச்சு வந்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே மஞ்சள் கட்டத்தின் ஏழாவது கேள்வியில் சீசரை 'ரோமின் முதல் பேரரசர்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் பேரரசர் ஆகவில்லை. வாழ்நாள் முழுக்கச் சர்வாதிகாரி என்ற பதவியை வாங்கிக்கொண்டார், அதனாலேயே கி.மு. 44-இல் குத்துப்பட்டுச் செத்தார். முதல் பேரரசர் அவர் தத்துப்பிள்ளை அகஸ்டஸ், கி.மு. 27-இல். இது சின்னப் பிழை, இதற்கு நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பாரசீகர்கள் ரோமானியர்களைவிட ஒருபடி மேலே போய் மாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் அது 'ஷுதுர்-காவ்-பலங்', அதாவது ஒட்டகம், மாடு, சிறுத்தை. எகிப்தியர்களுக்கு அது புதிய பிராணி இல்லை. தெற்கே நூபியாவிலிருந்து காணிக்கையாக வரும். மன்னன் மூன்றாம் துட்மோஸின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், நூபியர்கள் ஒரு ஒட்டகச்சிவிங்கியைக் கயிறு கட்டிக் கூட்டிவருகிற ஓவியம் இருக்கிறது. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குரங்கு, தென்னை ஏறுகிற மாதிரி ஏறுகிறது. மூவாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய குறும்பு. எகிப்தியர்களின் சித்திர எழுத்தில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்டால் 'வருவதை முன்கூட்டிச் சொல்' என்று பொருள் வரும். அவ்வளவு உயரத்தில் கண் இருக்கிறதே. 1414-இல் வங்காளத்து சுல்தான் சீனப் பேரரசர் யோங்லேவுக்கு ஒன்றை அனுப்பிவைத்தபோது, சீனர்கள் தங்கள் பழங்கதையில் வரும் மங்கல மிருகமான 'சிலின்' நிஜமாகவே வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அரசவையில் அதைப் படமாக வரைந்து பாட்டும் எழுதினார்கள். சீனத் தளபதி செங் ஹோவின் பெருங்கப்பல்கள் நம் கடலில் திரிந்த காலம் அது. அந்த செங் ஹோ இலங்கையின் காலி நகரத்தில் வைத்த கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் உண்டு. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, ஊருக்கு ஊர் கையில் இருந்ததை வைத்துப் பெயர் கட்டியிருக்கிறார்கள். நாமும் 'கமெலோபார்டாலிஸ்' போலவே கட்டினோம். ஒட்டகம் என்று ஆரம்பித்து, புள்ளிக்காகச் சிவிங்கியைச் சேர்த்துக்கொண்டோம். அப்படியென்றால் அந்தச் சொல் வழக்குக்கு வந்தபோது சிவிங்கி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றைக் காட்டித் தெரியாத இன்னொன்றுக்கு யார் பெயர் வைப்பார்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் சிவிங்கி இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் சிவங்கி என்பார்கள். நமக்கு மட்டும் பாதிச்சொல் மறந்துபோய்விட்டது. ஒட்டகத்துக்குப் பின்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு பத்து வயதுப் பிள்ளை பஸ்ஸில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டது.

இனி சிவிங்கியைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டுக்காரியும் மைசூரு போயிருந்தோம். அரண்மனையை அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு உயிரியல் பூங்காவில் சிவிங்கிக் கூடத்துக்கு முன்னால் ஒருமணி நேரம் நின்றேன். அவள் ஐஸ்கிரீம் வாங்கப் போனவள், திரும்பி வந்து இன்னொன்றும் வாங்கப் போனாள். முதலில் என் கண்ணில் பட்டது அதன் மெலிவு. வேட்டைநாய் மாதிரி ஒடுங்கின இடுப்பு, நீண்ட கால், உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை. புள்ளிகள் எல்லாம் முழுக் கறுப்பு, ஒற்றை ஒற்றையாக, விரலில் மையைத் தொட்டு வைத்த மாதிரி. நகத்தைப் பூனை போல முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளாது. ஓட்டக்காரர்களின் ஆணிவைத்த ஷூ மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு தரையைப் பிடிக்கும். நீண்ட வால் சட்டென்று திரும்பும்போது சுக்கான். மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி ஓடும், ஆனால் சில நூறு மீட்டர்தான். அதற்குள் இரை சிக்கவில்லையென்றால் மூச்சுவாங்க உட்கார்ந்துவிடும். சிங்கம், புலி, சிறுத்தை மாதிரி கர்ஜிக்க அதற்குத் தொண்டை கிடையாது. நான் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று வாயைத் திறந்தது. என்ன சத்தம் வரப்போகிறதோ என்று பார்த்தால், 'கீச்' என்று குருவி மாதிரி. வீட்டுக்காரி சுற்றுமுற்றும் குருவியைத் தேடினாள்.

சிறுத்தை இருட்டின பிறகு, மறைவில் பதுங்கி, பக்கத்தில் வந்து பாயும். மரம் ஏறும். இது பெரும்பாலும் பகலில், வெட்டவெளியில், துரத்தி ஓடிப் பிடிக்கும். இரண்டும் பூனைக் குடும்பம் என்பதைத் தவிர நடப்பு எதுவும் ஒன்றில்லை.

இந்தத் துரத்தலுக்காகவே ராஜாக்கள் அதைப் பிடித்து வளர்த்தார்கள். அக்பரைப் பற்றி அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில் சிவிங்கிக்குத் தனி இடமே உண்டு. குழி வெட்டிப் பிடிப்பார்கள். முன்பெல்லாம் பழக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், பாதுஷாவின் கவனிப்பில் பதினெட்டே நாளில் பழகிவிடுகிறது என்று அவர் பெருமை அடிக்கிறார். கண்ணை மூடித் துணிக்குல்லாய் மாட்டி மாட்டுவண்டியில் வைத்து வெளிமான் மேயும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். மாட்டுவண்டியைப் பார்த்து மான் மிரளாது. கிட்டத்தில் போனதும் குல்லாயைக் கழற்றி மானின் பக்கம் தலையைத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது.

அக்பர் ஒரு கட்டத்தில் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்துவைத்திருந்ததாக அவர் மகன் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அவற்றைக் குட்டி போட வைக்க அக்பர் எவ்வளவோ முயன்றார். தோட்டத்தில் கழுத்துப்பட்டையைக் கழற்றி விட்டும் பார்த்தார். நடக்கவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரு ஆண் சிவிங்கி கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு பெண்ணிடம் போய்விட்டது. இரண்டரை மாதத்தில் மூன்று குட்டி. அது அவருக்கே பெரிய அதிசயம், அதனால்தான் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு மனிதன் வளர்ப்பில் சிவிங்கி குட்டி போட்டதாகப் பதிவானது 1956-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா உயிரியல் பூங்காவில். இடையில் முந்நூற்று நாற்பது வருடத்துக்கு மேல்.

இதன் கணக்கைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கூண்டில் குட்டி போடாத விலங்கு. அப்படியென்றால் ஆயிரம் சிவிங்கியும் காட்டிலிருந்து பிடித்ததுதான். ஒன்று செத்தால் இன்னொன்று காட்டிலிருந்து. அதுவும் தாயிடம் வேட்டை கற்றுக்கொண்ட வளர்ந்த விலங்காக இருக்க வேண்டும். இனம் பெருக்கும் வயதில் இருப்பதைத்தான் பிடிப்பார்கள். அக்பரோடு இது நின்றுவிடவில்லை, சமஸ்தானம் சமஸ்தானமாகத் தொடர்ந்தது. வெட்டவெளிகள் வயலாயின, மான்கள் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாப்பூர், பாவ்நகர் ராஜாக்களுக்கு வேட்டைச் சிவிங்கி வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டிய நிலை. நம் டீக்கடை நண்பர் கேட்ட கேள்வியை அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம். 1947-இல், இன்று சத்தீஸ்கரில் இருக்கிற கொரியா சமஸ்தானத்து ராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஒரே ராத்திரியில் மூன்றைச் சுட்டார். இந்தியாவில் சிவிங்கி என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய கடைசிப் பதிவு அதுதான். 1952-இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவித்தார்கள். நம்முடைய ஆசியச் சிவிங்கி இப்போது ஈரானில் மட்டும், விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருக்கிறது. குனோவுக்கு வந்த எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பன்னிரண்டும் ஆப்பிரிக்க வகை.

எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாடு இருக்கிறது, வெளிமான் சரணாலயம். பஸ்ஸில் போகும்போது அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணில் படும். அதன் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். யாருக்குப் பயந்து இந்த ஓட்டம்? இன்றைக்கு அதைத் துரத்துகிற நாயும் நரியும் அந்த வேகத்தில் ஓடாது. துரத்தின ஆள் போய்விட்டான், ஓட்டம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1763 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைப் பரிசாகக் கொடுத்தார். கூடவே அதைப் பழக்கத் தெரிந்த இந்தியர்கள் இரண்டு பேர். விண்ட்சர் பூங்காவில் பெரிய கலைமான் ஒன்றை அடைப்புக்குள் விட்டு, ராஜ குடும்பத்துக்கு வேட்டை காட்ட ஏற்பாடு. மான் கொம்பை நீட்டிக்கொண்டு நின்றது, சிவிங்கி பின்வாங்கி ஓடியே போனது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அதைப் பெரிய திரையில் வரைந்திருக்கிறார், மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. தலையில் சிவப்புக் குல்லாயோடு சிவிங்கி, வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக அந்த இரண்டு பேர். அதில் ஒருவர் மானைக் கைநீட்டிக் காட்டுகிறார், 'அந்தா நிக்கி, போ' என்கிற மாதிரி. பிரிண்ட் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். 1765-இல் லண்டனில் அந்த ஓவியத்தை 'வேட்டைப் புலியின் உருவப்படம்' என்று பெயர் போட்டுத்தான் காட்சிக்கு வைத்தார்கள். ஆக, பெயர்க்குழப்பம் தமிழ்ப் பத்திரிகைக்காரர்களின் தனிச்சொத்து இல்லை. சிறுத்தைக்கே ரோமானியர்கள் வைத்த 'லியோபார்டஸ்' என்ற பெயர், சிங்கத்துக்கும் புள்ளிப்பூனைக்கும் பிறந்தது என்று நம்பி வைத்ததுதான். நீங்கள் நல்ல துணையோடுதான் தப்பு செய்கிறீர்கள்.

ஆங்கிலேயர்கள் பிறகு இந்தியிலிருந்து 'சீத்தா'வை எடுத்துக்கொண்டு குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் வேர் சமஸ்கிருதத்தில் 'சித்ர', அதாவது புள்ளி போட்டது, வண்ணம் தீட்டியது. நம்முடைய சித்திரமும் அங்கிருந்து வந்ததுதான்.

'சிவிங்கி என்றால் வாசகருக்குப் புரியாது' என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். ஒட்டகச்சிவிங்கி எல்லோருக்கும் புரிகிறதே, அதில் பாதிதானே இது? வேண்டுமானால் முதல் ஒரு வாரம் 'சிவிங்கிப்புலி' என்று எழுதுங்கள். அது புலி இல்லை என்பதால் எனக்கு அதில் அரைமனசுதான், ஆனால் ஒத்துக்கொள்கிறேன். அதுவும் ஆகாது என்றால் 'சீட்டா' என்றே போடுங்கள், தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. சிறுத்தை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் எங்கள் மலையில் இருக்கிறான்.

இன்னொன்று, சிவிங்கிகளைப் பற்றிய செய்தி இனி அடிக்கடி வரும். குட்டி போட்டது, ஒன்று செத்தது, பூங்கா எல்லையைத் தாண்டி ஏதோ ஊருக்குள் நுழைந்தது என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. 'கிராமத்துக்குள் சிறுத்தை' என்று நீங்கள் போட்டால், பாபநாசத்திலும் வால்பாறையிலும் அதைப் படிக்கிறவள் வாசலில் விளையாடுகிற பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். அவள் அனுபவம் அப்படி.

கடிதத்தோடு பேத்தி வரைந்த ஒரு படத்தையும் வைத்திருக்கிறேன். ஒரு ஒட்டகம், அதன் முதுகில் கண்ணீர்க்கோடு போட்ட ஒரு சிவிங்கி உட்கார்ந்திருக்கிறது. கீழே 'கூட்டல்' என்று எழுதியிருக்கிறாள். வெளியிட்டாலும் சரி, வெளியிடாவிட்டாலும் சரி, திருப்பி அனுப்ப வேண்டாம், அவளிடம் இன்னொன்று இருக்கிறது.

திருத்தம் போடுவதாக இருந்தால் தயவுசெய்து நடுப்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடாதீர்கள். சனிக்கிழமை இணைப்பிலேயே, அதே மூன்றாம் பக்கத்தில், அதே மஞ்சள் கட்டத்துக்குள் போடுங்கள். அந்த ஆசிரியை அதை மட்டும்தான் கத்தரித்து ஒட்டுகிறார். அடுத்த போட்டி ஜனவரியில்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டம்.